உயிர் காக்கும் பை விமானத்தில் ஏன் "ஆபத்தான பொருள்"?

1/
விமான நிலையத்துல "இதையெல்லாம் எடுத்து வராதீங்க"ன்னு ஒரு போர்டு வெச்சிருப்பாங்க. பட்டாசு, பெட்ரோல், கேஸ் சிலிண்டர்னு வரிசையா படம் இருக்கும். அதே கட்டுப்பாட்டுக்குள்ள உயிர் காக்குற கருவிகளும் சில வரும்னு பல பேருக்குத் தெரியாது. ஆக்ஸிஜன் சிலிண்டர், தானா விரியுற லைஃப் ஜாக்கெட்டோட வாயுக் குப்பி, பனிச்சரிவு ஏர்பேக். இந்த இழை அதைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
நான் இங்கிலாந்துல அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். குளிர்காலத்துல ஒரு வாரம் நண்பர்களோட ஆல்ப்ஸ் மலைக்குப் போவேன். லிஃப்ட் போகாத இடங்கள்ல நடந்து ஏறி, பனிச்சறுக்குல இறங்குறது எங்க பழக்கம். அப்படி இறங்குறவங்க முதுகுல இருக்கிறதுதான் இந்த ஏர்பேக் பை. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அதைத் தூக்கிட்டு விமானம் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன பஞ்சாயத்து நடக்கும்.

3/
முதல்ல அது என்னன்னு பார்ப்போம். பார்க்க சாதாரண முதுகுப்பை மாதிரிதான் இருக்கும். தோள்பட்டையில ஒரு கைப்பிடி. பனிச்சரிவு கிளம்பினா அதைப் பிடிச்சு இழுக்கணும். சுமார் 3 விநாடியில 150 லிட்டர் அளவுக்கு ஒரு பலூன் தலைக்குப் பின்னாடி விரிஞ்சு நிக்கும்.

4/
"ஓ, பலூன்ல மிதப்பாங்களா?"ன்னு கேப்பீங்க. தண்ணியில மிதக்குற கதை இல்ல இது. தீபாவளி மிக்சர் டப்பாவைக் குலுக்கிப் பாருங்க. பெரிய கடலை, முந்திரி எல்லாம் மேல வந்துடும். காராபூந்தித் தூள் அடியில போயிடும். ஓடுற பனியும் அப்படித்தான், கட்டிகளும் துகள்களும் குலுங்கி ஓடுது. அதுக்குள்ள மாட்டின மனுஷனோட அளவைப் பெருசாக்கினா அவர் மேற்பரப்புக்குப் பக்கத்துல நிக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான் சூத்திரம்.

5/
இதைக் கண்டுபிடிச்சது ஆய்வகத்துல இல்ல. ஜெர்மனியோட பவேரியா பகுதியில யோசெஃப் ஹோஹெனெஸ்டர்னு ஒரு வனத்துறைக்காரர். வேட்டையாடின விலங்கை முதுகுல சுமந்துட்டு வரும்போது பனிச்சரிவுல சிக்கியும், தான் மேலேயே நின்னதை அவர் கவனிச்சார். 1970கள்ல அதை வெச்சு சோதனை பண்ணார். பேட்டர் அஷாவர்ங்கிறவர் 1980ல அந்தக் காப்புரிமையை வாங்கி, 1985ல ஏபிஎஸ்ங்கிற பேர்ல பையா கொண்டு வந்தார்.

6/
இப்ப என் துறை. பனிக்குள்ள புதைஞ்சவங்க குளிர்ல விறைச்சு சாகுறாங்கன்னுதான் நிறைய பேர் நினைக்குறாங்க. பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகுறாங்க. நின்ன உடனே பனி இறுகிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சோட ஈரம் முகத்துக்கு முன்னாடி பனிக்கட்டியா உறைஞ்சு ஒரு மூடி மாதிரி ஆயிடும். விட்ட கார்பன் டை ஆக்சைடையே திரும்பத் திரும்ப சுவாசிக்கணும்.

7/
1994ல நேச்சர் இதழ்ல வந்த சுவிட்சர்லாந்து கணக்கு இந்தத் துறையில ரொம்பப் பிரபலம். முழுசா புதைஞ்சவங்கள்ல 15 நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தா பிழைக்கிற வாய்ப்பு 92 சதவீதம். 35 நிமிஷத்துல அது 30 சதவீதம். இருபது நிமிஷத்துக்குள்ள இவ்வளவு பெரிய சறுக்கல். ஹெலிகாப்டர் கிளம்பி வர்றதுக்குள்ள பாதிக் கதை முடிஞ்சிடும். அதனால புதையாம இருக்கிறதுதான் முதல் சிகிச்சை.

8/
ஏர்பேக் உதவுதா? உதவுது. 2014ல வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, பெரிய பனிச்சரிவுகள்ல மோசமா சிக்கினவங்களைப் பத்தினது. பை விரிஞ்சவங்கள்ல இறப்பு 11 சதவீதம், விரியாதவங்கள்ல 22. பாதியா குறைஞ்சிருக்கு. ஆனா அதே ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஐந்துல ஒரு பை விரியவே இல்ல. அதுல பெரும்பங்கு காரணம் கருவிக் கோளாறு கிடையாது, போட்டிருந்தவர் கைப்பிடியை இழுக்காததுதான். மரத்துல, பாறையில மோதுற அடியையும் பலூன் தடுக்காது. இந்த ரெண்டையும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

9/
சரி, 150 லிட்டர் பலூன் 3 விநாடியில விரியணும்னா சக்தி எங்கிருந்து வரும்? பைக்குள்ள ஒரு சின்ன சிலிண்டர். காத்து அல்லது நைட்ரஜன். சில மாடல்கள்ல அழுத்தம் 300 பார் வரைக்கும். உங்க கார் டயர்ல இருக்கிறது 2 பாருக்குக் கொஞ்சம் மேல. இன்னும் சில மாடல்கள்ல கைப்பிடியை இழுத்தா ஒரு துளி வெடிமருந்து வெடிச்சு சிலிண்டரைத் திறக்கும். நாம சின்ன வயசுல கல்லால தட்டி வெடிச்ச பொட்டு வெடி மாதிரின்னு வெச்சுக்கோங்க.

10/
அழுத்தமா அடைச்ச வாயு. பக்கத்துல ஒரு பொட்டு வெடி. இப்ப விமான நிறுவனத்துக்காரர் இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. ஏன் பயப்படுறாங்கன்னு சொல்ல ரெண்டு சம்பவம் போதும். ரெண்டுலயும் காரணம் பயங்கரவாதி இல்ல, கடத்தல்காரன் இல்ல. உயிர் காக்குற கருவிதான்.

11/
முதல் சம்பவம். 1996 மே 11. மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பின வேல்யூஜெட் 592. விமானத்துல தலைக்கு மேலேருந்து ஆக்ஸிஜன் மாஸ்க் விழுமில்லையா? பல விமானங்கள்ல அந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்லேருந்து வராது. ஒரு ரசாயனக் குப்பியிலேருந்து வரும். மாஸ்கை இழுத்தா ஒரு சின்ன சுத்தியல் ஒரு பொட்டு வெடியைத் தட்டும், உள்ளே ரசாயன வினை தொடங்கும், ஆக்ஸிஜன் வரும். கூடவே கடுமையான சூடும் வரும். ஏர்பேக் கைப்பிடிக்கும் இந்த மாஸ்குக்கும் பெரிய தூரம் இல்ல, பாருங்க.

12/
வேற விமானங்கள்லேருந்து கழட்டின, காலாவதியான அந்தக் குப்பிகளை அட்டைப்பெட்டியில போட்டு அந்த விமானத்துல சரக்கா ஏத்திட்டாங்க. தட்டும் ஊசிக்கு மாட்ட வேண்டிய பாதுகாப்பு மூடி மாட்டலை. காகிதத்துல "காலி"ன்னு எழுதியிருந்தாங்க. காலி இல்ல. சரக்கு அறையில தீப்பிடிச்சு, குப்பிகளே தீக்கு ஆக்ஸிஜனும் ஊட்டுச்சு. ஃப்ளோரிடாவோட எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துல விமானம் விழுந்து 110 பேரும் இறந்தாங்க.

13/
ரெண்டாவது. 2008 ஜூலை 25. ஹாங்காங்லேருந்து மெல்போர்ன் போன குவான்டாஸ் 30. பயணிகளோட அவசரத் தேவைக்காக விமானத்துலயே பொருத்தியிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்கள்ல ஒண்ணு நடுவானத்துல வெடிச்சுது. விமானத்தோட உடம்புல ஒரு ஆள் நுழையுற அளவு ஓட்டை. சிலிண்டர் தரையைப் பொத்துக்கிட்டு பயணிகள் பகுதிக்குள்ள வந்து, ஒரு கதவுக் கைப்பிடியில மோதி, திரும்ப அதே வழியா வெளியே போயிடுச்சு. விமானி மணிலாவுல பத்திரமா இறக்கினார். விமானத்துல இருந்தவங்க ஒருத்தருக்கும் காயம் இல்ல. அதிர்ஷ்டமும் திறமையும் சேர்ந்து வந்த நாள்.

14/
இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லிடறேன். "மேல போனா காத்தழுத்தம் குறையும், அதனால சிலிண்டர் வெடிச்சிடும்"னு சொல்வாங்க. விமானத்துக்குள்ள அழுத்தம் குறையுறது கால் பார் அளவுதான். 300 பார் தாங்குற சிலிண்டருக்கு அது கொசுக்கடி. நிஜ ஆபத்து மூணு. தீயில சிலிண்டர் சூடாகுறது. வால்வு உடைஞ்சு சிலிண்டரே ராக்கெட்டா பாயுறது. பெட்டிக்குள்ள எதேச்சையா கைப்பிடி இழுபடுறது.

15/
இதை மனசுல வெச்சுக்கிட்டு விதியைப் படிச்சா அது கிறுக்குத்தனமா தெரியாது. பன்னாட்டு விதிப்படி ஒரு பயணிக்கு ஒரு பனிச்சரிவுப் பை. கையிலயும் கொண்டு போகலாம், செக்-இன் பண்ணவும் செய்யலாம். வாயு தீப்பிடிக்காததா, நச்சில்லாததா இருக்கணும். வெடிமருந்து இருந்தா 200 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. தானா இயங்காதபடி கட்டணும். பலூனுக்கு அழுத்தம் விடுற வால்வு இருக்கணும். எல்லாத்துக்கும் மேல, விமான நிறுவனத்தோட முன் அனுமதி வேணும்.

16/
இது பொதுவான விதிதான். நாட்டுக்கு நாடு இதைவிடக் கடுமை உண்டு. அமெரிக்காவுல பாதுகாப்புச் சோதனைக்குப் போற சிலிண்டர் காலியா, வால்வு கழட்டி, உள்ளே எட்டிப் பார்க்கும்படி இருக்கணும். "காலின்னு நான் சொல்றேன்ல"ன்னா விட மாட்டாங்க. வேல்யூஜெட் பெட்டியில எழுதியிருந்த அந்த ஒரு வார்த்தையை நினைச்சா, ஏன்னு புரியும்.

17/
இப்ப என் பஞ்சாயத்து. ஒரு வருஷம் அனுமதி கேட்டு மெயில் போட்டு, "சரி"ன்னு வந்த பதிலை பிரிண்ட் எடுத்து, உற்பத்தியாளரோட தகவல் தாளையும் சேர்த்து கவுன்ட்டர்ல நீட்டினேன். அந்தப் பொண்ணு சிலிண்டரைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. சூப்பர்வைசர் வந்தார். "இந்த மெயில் யார் அனுப்புனதுன்னு எனக்குத் தெரியாது"ன்னார். அரைமணி நேரம் பேசினேன். பின்னாடி வரிசையில ஒரு குழந்தை அழ ஆரம்பிச்சுது. கடைசியில "சிலிண்டர் இல்லாம போங்க, இல்ல போகாதீங்க."

18/
கோபம் வந்துச்சு. அவங்க நிறுவனமே கொடுத்த அனுமதி அது. ஆனா பெட்டி அடியில துணிக்குள்ள சுத்தி அனுப்பிடலாம்ங்கிற யோசனையை ஒரு நண்பர் காதுல சொன்னப்போ நான் தலையாட்டலை. விமானத்துக்கு அடியில என்ன இருக்குன்னு விமானிக்குத் தெரியணும். தெரியாம போன சரக்குதான் அந்த 110 பேரைக் கொன்னுது. சிலிண்டரைக் கொடுத்துட்டு ஏறினேன். திரும்பி வரும்போது அதே நிறுவனம், அதே மாடல் சிலிண்டர், அதே மெயில். ஒரு கேள்வி கேக்காம விட்டாங்க!

19/
போய் இறங்கினது சாயங்காலம். ஊர்க் கடைகள் மூடிட்டாங்க. மறுநாள் காலையில பனிச்சரிவு எச்சரிக்கை 5க்கு 3. கேட்கும்போது "நடுத்தரம்தானே"ன்னு தோணும். ஆல்ப்ஸ்ல உயிர்ப்பலி நிறைய நடக்குறது இந்த 3லதான். 4, 5ன்னா எல்லாரும் வீட்டுல உக்காந்துடுவாங்க. 3ல வெயிலும் அடிக்கும், ஆசையும் இழுக்கும். நண்பர்கள் மூணு பேருக்கும் பை தயார். என்னுது வெறும் துணிப்பை. "ஒரு நாள்தானே டாக்டர், மெதுவா போலாம் வாங்க."

20/
எங்க கூட வந்த மலை வழிகாட்டி வயசானவர், அதிகம் பேச மாட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்தச் சரிவுக்கு, பை இருந்தா போவீங்க, இல்லன்னா போக மாட்டீங்க. அப்படித்தானே?" ஆமான்னோம். "அப்படின்னா பை இருந்தாலும் அது போகக்கூடாத சரிவு."

21/
அன்னைக்கு 30 டிகிரிக்குக் குறைவான இடங்கள்ல மட்டும் சுத்தினோம். பலகை மாதிரி பெயர்ந்து ஓடுற பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30லேருந்து 45 டிகிரி சாய்வுலதான் கிளம்பும். மேல அந்தச் சாய்வு இல்லாத இடமா பார்த்து வழிகாட்டி கூட்டிட்டுப் போனார். நாலு பேருக்கும் நல்ல நாள். மத்தியானம் கடையில வாடகைக்கு நிரம்பின சிலிண்டர் கிடைச்சுது. மறுநாள் அந்தப் பெரிய சரிவுக்குப் போனோமா? போகலை. எச்சரிக்கை 3லேயே நின்னுது. என் பை இப்ப நிரம்பியிருந்ததால மலை மாறிடாதே!

22/
கவுன்ட்டர்ல எனக்கு வந்த கோபத்தை அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஒரு சிலிண்டரைப் பிடுங்கினா நம்ம பாதுகாப்பே போச்சுன்னு தோணுதுன்னா, நாம பாதுகாப்பை எங்கே வெச்சிருக்கோம்? முதல்ல வானிலை, அடுத்து சாய்வு, அடுத்து கூட வர்ற ஆள். புதைஞ்சா தேடுறதுக்கு டிரான்ஸ்சீவர், குத்திப் பார்க்கிற கம்பி, மண்வாரி. இந்த மூணையும் பயன்படுத்தத் தெரிஞ்ச நண்பர்தான் அந்த 15 நிமிஷத்துல உங்க டாக்டர். ஏர்பேக் வரிசையில கடைசி.

23/
"சார், நான் ஊட்டியைத் தாண்டி குளிர் பார்த்ததில்ல, எனக்கு எதுக்கு இது?"ன்னு கேக்குறீங்களா? இங்கேதான் உங்க வீடு வருது. நுரையீரல் நோய் இருக்கிற அம்மா, அப்பாவை விமானத்துல கூட்டிட்டுப் போறவங்க எத்தனை பேர்! பறக்கும்போது உள்ளே இருக்கிற காத்து, சுமார் 8,000 அடி உயர மலைக்குச் சமம் வரைக்கும் மெலிசாகும். தரையில 15 சதவீத ஆக்ஸிஜன் சுவாசிக்கிற மாதிரி. நமக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும்.

24/
வீட்டு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டு விமான நிலையம் போயிடாதீங்க. பெரும்பாலும் விட மாட்டாங்க, காரணம் மேலே படிச்சிட்டீங்க. பேட்டரியில ஓடுற சின்ன ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் இருக்கு. அதுல அடைச்ச வாயு கிடையாது, சுத்தி இருக்கிற காத்துலேருந்து நைட்ரஜனைப் பிரிச்சு ஆக்ஸிஜனைத் தரும். பல நிறுவனங்கள் முன்கூட்டியே சொன்னா விடுவாங்க. பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கேக்குறவங்க உண்டு. டாக்டர் பூர்த்தி பண்ணி கையெழுத்துப் போடுற மருத்துவப் படிவமும் வேணும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க.

25/
உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில மட்டும். செக்-இன் பெட்டியில கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா பயணிகள் பகுதியில யாராவது பார்த்து அணைக்கலாம், அடியில யார் பார்ப்பா? 100 வாட்-மணிக்குள்ள இருந்தா பொதுவா பிரச்சினை இல்ல, 160 வரைக்கும் அனுமதி கேக்கணும். இப்ப மின்விசிறியால ஊதுற ஏர்பேக் பைகளும் வந்திருக்கு. சிலிண்டர் பஞ்சாயத்து இல்ல, ஆனா பேட்டரி விதி அதுக்கும் உண்டு.

26/
இன்சுலின், அலர்ஜிக்கான அட்ரினலின் பேனா, இன்ஹேலர். இதெல்லாம் தாராளமா அனுமதி உண்டு. டாக்டர் சீட்டோட கைப்பையில வைங்க. இன்சுலினை செக்-இன் பெட்டியில போட்டா உறைஞ்சு கெடலாம். பெட்டி வேற ஊருக்குப் போனா நீங்க மருந்தில்லாம நிப்பீங்க. அட்ரினலின் பேனா தலைக்கு மேல இருக்கிற அறையில வேண்டாம், உங்க சீட்டுக்கு அடியில.

27/
சுருக்கமா, எந்தக் கருவியா இருந்தாலும்:
- டிக்கெட்டுக்கு முன்னாடி விமான நிறுவனத்துக்கிட்ட எழுத்துல கேளுங்க. பதிலைக் காகிதத்துல வெச்சுக்கோங்க.
- நடுவுல விமானம் மாறினா ஒவ்வொரு நிறுவனத்துக்கிட்டயும் தனித்தனியா கேளுங்க.
- வெடிமருந்து, சிலிண்டர், கைப்பிடி மூணையும் பிரிச்சு, பாதுகாப்பு மூடி மாட்டி வைங்க.
- கவுன்ட்டருக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போங்க.
- போற ஊர்ல வாடகைக்கு கிடைக்குமான்னு கிளம்பும் முன்னே விசாரிங்க. "கிடையாது"ன்னு சொன்னாலும் உங்க பயணம் நடக்கணும்.
- ஒளிச்சு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.

28/
ஏர்பேக் வெச்சிருக்கிறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. ஐந்துல ஒரு பை விரியலைன்னு சொன்னேன் இல்லையா? சிலிண்டர் விமானம் தாண்டி வந்தா மட்டும் போதாது, கை அந்தக் கைப்பிடியைத் தேடாம பிடிக்கணும். சீசன் தொடக்கத்துல வீட்டு முற்றத்துல ஒரு தடவை இழுத்துப் பாருங்க. கையுறை போட்டுக்கிட்டு இழுங்க.

பெரியவங்களை ஆக்ஸிஜனோட கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னா கீழே கேளுங்க. எந்த நோய், எவ்வளவு நேரப் பயணம்னு சொன்னா, உங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு எழுதித் தர்றேன்.